ஸ்மரந்தா நாற்காலியை விட்டு எழவில்லை

டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் கொராபியாவில், பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஹேண்ட்பால் ஆடவில்லை என்றால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். நான் இடது ஓரத்தில் ஓடி கோல் அடிக்கிறவள். பெயர் ஒட்டீலியா. ஸ்மரந்தா எங்கள் கோல்கீப்பர். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே அணி, ஒரே பெஞ்சு. அவளுடைய கதையைச் சொல்லும் உரிமையை அவளே எனக்குக் கொடுத்திருக்கிறாள். "சொல்லு, ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாத" என்றாள். அழவில்லை. அதனால் எழுதவும் போவதில்லை.

பந்து வேகமாக வந்தால் மற்ற பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஸ்மரந்தா முகத்தைக் கொடுத்துத் தடுப்பாள். தொடை, முழங்கை, தோள் எல்லாம் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போய்க் கிடக்கும்.

"என்னடி, மறுபடியும் பெயின்ட் டப்பாவுல விழுந்தியா?" என்று எங்கள் அணியின் டச்சியானா கேட்பாள்.

"உன் ஷாட்டு பட்டதில்ல, கவலைப்படாத. அது பட்டா கொசு கடிச்ச மாதிரிகூடத் தெரியாது."

கோல்கீப்பருக்கு அடிபடும், அடிபட்டால் கன்றும். அதற்கு மேல் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். பஞ்சை அடைத்துக்கொண்டு ஆடுவாள். எதிரணிக்காரிகள் அதைப் பார்த்தே பயப்படுவார்கள் என்று ப்ரெதா சார், எங்கள் பயிற்சியாளர், பெருமையாகக்கூடச் சொல்வார்.

பதினைந்து வயதில் ஓர் இலையுதிர் காலத்தில் கலஃபாத் ஊருக்குப் போட்டிக்குப் போனோம். அங்கே ஒரு பள்ளி விடுதியில் எங்களுக்கு அறை கொடுத்திருந்தார்கள். நானும் அவளும் ஒரே அறை. எனக்கும் அப்போது மாதவிடாய், அவளுக்கும். காலையிலிருந்து அவள் குளியலறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். போகும்போதெல்லாம் பையையும் எடுத்துக்கொண்டு போனாள். ஐந்தாவது முறை கதவு திறந்தபோது கேட்டுவிட்டேன்.

"வயித்துக்கு என்னடி?"

"வயித்துக்கு ஒண்ணுமில்ல. மாத்தப் போனேன்."

"மறுபடியுமா? ஒரு நாளைக்கு எத்தனை மாத்துவ நீ?"

"நீ எத்தனை மாத்துவ?"

"நாலு. ரொம்பப் போனா அஞ்சு."

அவள் படுக்கையில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

"நான் இன்னைக்கு எழுந்ததுலேருந்து அஞ்சு," என்றாள். "மணி இப்ப பத்தரை."

"எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"பதினொண்ணு. சில மாசம் பதிமூணு. ராத்திரியில மூணு தடவை அலாரம் வெச்சு எழுந்திருப்பேன், மெத்தை வீணாயிடும்ல. எல்லாருக்கும் அப்படித்தானே?"

"யாருடி சொன்னா உனக்கு?"

"அம்மா."

மூன்று வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். யார் யாரை விரும்புகிறார்கள், எந்த டீச்சர் தலைக்குச் சாயம் பூசுகிறாள் என்பது வரைக்கும் பேசியிருக்கிறோம். இதை மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. அந்த நாட்களில் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, தொட்டால் கெட்டுப்போகும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். எவ்வளவு போனால் அதிகம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடுவது குளிருக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவளுடைய அம்மா வெத்தூரியா எங்கள் ஊர் தையல் கம்பெனியில் காலர் தைப்பவர். அப்பா இத்தாலியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பியதும் ஸ்மரந்தா அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், ஒட்டீலியாவுக்கு நாலுதானாம் என்று. வெத்தூரியா அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவங்க வீட்டுப் பொம்பளைங்க அப்படி. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இப்படித்தான். எனக்கும் இப்படித்தான் இருந்துது, உங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான். தாங்கிக்கணும்," என்றார். ஒரு பீட்ரூட்டை வேகவைத்துக் கொடுத்தார். அன்பில்லாமல் சொன்ன பேச்சில்லை அது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்மரந்தாவுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் வந்தது. பள்ளிக்கூடக் கூரையிலிருந்து ஈட்டி ஈட்டியாகத் தொங்கும் பனிக்கட்டியை ஒடித்து நறுக் நறுக்கென்று தின்பாள். பல் கூசவில்லையா என்றால், "இதைத் தவிர வேற எதுவும் திங்கத் தோணலடி" என்பாள். மாடிப்படி ஏறினால் மேலே போய் ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முகம் மெழுகு மாதிரி இருந்தது.

பிப்ரவரியில் எங்கள் பள்ளி விளையாட்டுக் கூடத்திலேயே ஓர் ஆட்டம். இரண்டாம் பாதியில், பந்து எதிர்ப்பக்கம் இருந்தபோது, அவள் கோல் கம்பத்தில் சாய்ந்தாள். சாய்ந்தபடியே மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தாள். ப்ரெதா சார் ஓடினார்.

"காலையில சாப்பிட்டியா நீ?"

"சாப்பிட்டேன் சார்."

"என்ன சாப்பிட்ட?"

"மூணு முட்டை, பன்னிக்கொழுப்பு தடவி அரை ரொட்டி. மீதி ரொட்டி வீட்ல இருக்கு, வேணும்னா எடுத்துட்டு வரச் சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "ஒட்டீலியா, இது எல்லாருக்கும் வர்றது இல்ல. நீ சொன்ன நாலு என் மண்டையிலயே நிக்குது. நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். அம்மாவையும் இழுத்துட்டுப் போறேன். நீயும் வா, சாட்சிக்கு."

ஊர் மருத்துவர் வயதானவர், கெட்டவர் இல்லை. வாசலில் இருபது பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். ஸ்மரந்தா நாற்காலியில், நானும் வெத்தூரியா அக்காவும் நின்றுகொண்டு.

அவர் பாதி கேட்டதுமே கையை அசைத்தார். "இந்த வயசுல கொஞ்சம் ஏறுக்குமாறாத்தான் இருக்கும். ரெண்டு வருஷத்துல படிஞ்சிடும். ஒரு பிள்ளை பெத்தா சுத்தமா சரியாயிடும்."

"எனக்குப் பதினஞ்சு வயசு டாக்டர். அதுக்குள்ள வேற ஏதாவது வழி இருக்கா?"

மூலையில் இருந்த நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"காஞ்சொறிக் கீரை சூப் வெச்சுக் குடி. வசந்தம் வரப்போகுது, நிறைய முளைக்கும். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

வெத்தூரியா அக்கா நன்றி சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டார். ஸ்மரந்தா எழவில்லை.

"ரத்தம் எடுத்துப் பாக்கச் சீட்டு எழுதுங்க டாக்டர்."

"அவசியமில்லம்மா."

"அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"எழுந்திருடி, மானம் போகுது," என்று அம்மா சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கோல் வாயில் நிற்கும்போது ஒரு பார்வை பார்ப்பாள், பந்து இந்த வழியாகப் போகாது என்று. அதே பார்வை. வாசல் கதவை யாரோ தட்டினார்கள். "உள்ள என்ன, தூங்கிட்டீங்களா?" என்று ஒரு விவசாயியின் குரல் கேட்டது.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மூணு வருஷமா இப்படி. மாசா மாசம் பதினொரு நாள். மணிக்கு ஒண்ணு நனைஞ்சிடுது. வால்நட் அளவுக்குக் கட்டி கட்டியா விழுது. மாடி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது. நேத்து ஆடும்போது மயங்கி விழுந்தேன். இவ சாட்சி."

நான் தலையாட்டினேன். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சேர்த்துக்கொண்டேன்: "கூரையிலேருந்து ஐஸை ஒடிச்சு ஒடிச்சுத் திங்கறா டாக்டர்."

அடுத்த ஆளின் காகிதத்தை எடுக்கப் போன அவருடைய கை நின்றது. "ஐஸா?"

"தினமும். பை நிறைய."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல வெளுத்திருந்தது. உடனே மேசைக்குத் திரும்பிச் சீட்டு எழுதினார்.

மறுநாள் மதியம் அவரே தையல் கம்பெனிக்கு நடந்து வந்தார். நாற்பது பெண்கள் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டுதான் இருந்தது. "இன்னைக்கே கிரயோவா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் போன் பண்ணிச் சொல்லிட்டேன்," என்றார். போகும்போது திரும்பி, "உங்க பொண்ணு எழுந்திருக்காம உக்காந்தது நல்லதாப் போச்சு. நான் கேக்காமலேயே எடுத்திருக்கணும்," என்றும் சொன்னார். அந்த வயதில் அந்த வார்த்தையைச் சொன்னவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

கிரயோவாவில் இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். பிறகு இரும்புச்சத்து சொட்டுச் சொட்டாக. மூன்றாம் நாள் எனக்கு போன்: "ஒட்டீலியா, யாரோ நல்ல ஆட்டக்காரனோட ரத்தம்டி இது. படுத்திருக்கவே முடியல."

அங்கே ரத்த நோய்களைப் பார்க்கும் டாக்டர் சாபினா என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஜலதோஷத்தோடு மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாராம். அந்த உரையாடலை ஸ்மரந்தா எனக்கு நூறு தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"மூக்குல ரத்தம் வருமா?"

"வரும். கால் மணி நேரம் நிக்காது," என்றாள் ஸ்மரந்தா.

"எங்க வீட்ல எல்லாருக்கும் மூக்கு மெல்லிசு டாக்டர். எனக்கும் வரும்," என்றார் அம்மா.

"பல்லு பிடுங்கினப்ப?"

"ரெண்டு நாள் கசிஞ்சுது."

"எனக்கு நாலு நாள்," என்றார் அம்மா.

"வலிக்கு என்ன மாத்திரை போடுவ?"

"வீட்ல இருக்கற தலைவலி மாத்திரை. ஆஸ்பிரின் கலந்தது."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, இனிமேல் அதைத் தொடவே கூடாது, அது ரத்தத்தை இன்னும் ஓடவிடும் என்றார். பிறகு நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினார்.

"உங்களுக்கு இப்ப மாதவிடாய் எப்படி?"

வெத்தூரியா அக்கா கொஞ்ச நேரம் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "எனக்கு இல்ல டாக்டர். முப்பத்தோரு வயசுல கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. ரத்தம் நிக்கவே இல்ல. எங்க அக்காவுக்கும் எடுத்துட்டாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு அப்படித்தான்."

டாக்டர் சாபினா பேனாவை மூடினார். "உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஏன் அப்படின்னு இதுவரைக்கும் யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை.

ரத்தத்தை உறையவைக்கும் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று ஸ்மரந்தாவுக்குப் பார்த்தார்கள்; முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதம் வந்தது. வெத்தூரியா அக்கா, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். டாக்டர் தடுத்தார். பயத்திலும் அலைச்சலிலும், ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதும் இந்த அளவு ஏறிக் காட்டும், ஒரு தடவை பார்த்து முடிவு சொல்லக்கூடாது, ஆறு வாரம் கழித்து ஓய்வாக இருக்கும்போது வாருங்கள், அம்மாவுக்கும் சேர்த்து எடுப்போம் என்றார்.

ஆறு வாரம் கழித்து மினிபஸ்ஸில் இருவரும் போனார்கள். போகமாட்டேன், வேலை இருக்கிறது என்ற அம்மாவின் கையை ஸ்மரந்தா பஸ் நிலையம் வரை விடவே இல்லை. இந்த முறை இரண்டு காகிதத்திலும் ஒரே பதில். ரத்தத்தில் கோந்து போல வேலை செய்கிற ஒரு பொருள் இருவருக்கும் குறைவு. அதனால் காயம் அடைபட நேரமாகும், மாதவிடாய் நிற்க நேரமாகும். பிறவியிலேயே வருவது, குடும்பத்தில் இறங்கி வருவது. அதற்கு வான் வில்லிபிராண்ட் நோய் என்று பெயர். இவர்களுக்கு இருந்தது லேசான வகை.

வெத்தூரியா அக்கா ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே நின்று தன் அக்காவுக்கு போன் போட்டார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். "அக்கா! நாம நோஞ்சானுங்க இல்ல! என் மாமியார் சொன்னாளே, உங்க வம்சத்துலயே தெம்பு இல்லன்னு? இல்லவே இல்ல! இதுக்கு ஒரு பேரு இருக்கு, மருந்தும் இருக்கு! என் பொண்ணு கண்டுபிடிச்சா!"

மருந்து ஒன்றும் மாயமில்லை. மாதவிடாய் நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை, அதோடு தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை, சில மாதத்துக்கு இரும்புச்சத்து. இரண்டாம் மாதம் பள்ளிக்கூட வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஒட்டீலியா! நாலு! நாலுடி!"

கணக்கு டீச்சர் எதிரே வந்து, என்ன நாலு என்று கேட்டார். "பரீட்சை மார்க்கு டீச்சர்," என்றேன். "நாலுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விளையாடலாமா என்று கேட்டபோது டாக்டர் சாபினா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அவளைச் சோதித்து, யோசித்து, ஒரு கடிதம் எழுதினார். முழங்கால், முழங்கை கவசம், பல்லுக்குக் கவசம். முகத்தைக் கொடுத்துத் தடுப்பது இனிமேல் கிடையாது. தலையில் பட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரி. "உன்னை வீட்ல உக்கார வைக்கறதுக்காக நான் மருந்து தரல," என்றாராம். ப்ரெதா சார் அந்தக் கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார்.

அடுத்த வருடம் மே மாதம் மாவட்ட இறுதி ஆட்டம் ஸ்லாட்டினாவில். எங்களுக்கு எதிரே கரகால் பெண்கள், ஒவ்வொருத்தியும் ஒரு தலை உயரம் அதிகம். கடைசி நிமிடம் வரை நாங்கள் ஒரு கோல் முன்னால். கடைசி நொடியில் நடுவர் விசில் ஊதி ஏழு மீட்டர் கோட்டைக் காட்டினார். ஏழு மீட்டர் என்றால் வீசுகிறவளும் கோல்கீப்பரும் மட்டும்தான். எங்கள் பெஞ்சில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை.

கரகால் பெண் ஒரு முறை பாவனை காட்டினாள். ஸ்மரந்தா அசையவில்லை. இரண்டாவது முறை பாவனை. அப்போதும் அசையவில்லை. பந்து கீழ் மூலைக்கு வந்தது. இடது காலை நீட்டினாள், தரையோடு தரையாக, இடுப்பு பிளந்துவிடும்போல. பந்து அவள் பாதத்தில் பட்டு, கம்பத்தில் பட்டு, வெளியே போனது.

நாங்கள் அவள் மேல் விழுந்தோம். அடியிலிருந்து அவள் குரல் வந்தது: "ரெண்டாம் நாளுடி! இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள்!"

"எதுக்கு ரெண்டாம் நாள்?" என்று ப்ரெதா சார் கேட்டார். பதினான்கு பெண்கள் தரையில் புரண்டு சிரித்தோம். அவருக்கு மெதுவாகப் புரிந்தது. காது வரை சிவந்து, கோப்பையை வாங்கப் போவதாகச் சொல்லி ஓடிவிட்டார்.

கதை கோப்பையோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மறு வாரம் அவள் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டினாள். டாக்டர் சாபினாவிடம் போனில் கேட்டுக் கேட்டு எழுதியது. முதல் ஓரிரு வருடம் தேதி முன்பின்னாக வந்தால் பயப்படாதே, ஒன்றரை மாத இடைவெளி வரைக்கும் பரவாயில்லை. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் நீண்டால், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்தால், பெரிய கட்டிகள் விழுந்தால், டாக்டரிடம் போ. பதினைந்து வயதாகியும் வரவே இல்லை என்றால், வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றுபோனால், போ. வலியில் பள்ளிக்கூடத்துக்கு வர முடியவில்லை என்றால், மயக்கம் வந்தால், போ. கடைசி வரி அவளுடையது: "அம்மாவுக்கும் இப்படித்தான் என்றால், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ."

ப்ரெதா சார் பார்த்தார். "இது பையனுங்க போற வழியாச்சே, ஸ்மரந்தா."

"அவங்களுக்கும் அம்மா, தங்கச்சி இருக்காங்க சார்."

அவர் அலுவலகத்துக்குப் போய், ஒட்டும் டேப்பைக் கொண்டுவந்து, விழாமல் நான்கு மூலையும் ஒட்டினார்.

அந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேர் மருத்துவரிடம் போனார்கள். வாயாடி டச்சியானா ஐந்து மாதமாக வராததை ஜாலி என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மாதம் மூன்று நாள் வாந்தியும் வலியுமாகச் சுருண்டு கிடப்பவள். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தாள். அவளுக்கும் வைத்தியம் நடந்தது. வருகைப் பதிவில் அப்புறம் அவள் பெயர் விடுபடவில்லை. மூன்றாவது ஆள் கணக்கு டீச்சர். அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஸ்மரந்தாவைப் பார்த்தால் மட்டும் ஒரு மாதிரி சிரிப்பார்.

ஸ்மரந்தா பெரிய அணிக்கெல்லாம் போகவில்லை. இப்போது எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். கோதுமையும் மக்காச்சோளமும் படகில் ஏற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளோடு கோல் வாயில் நிற்கிறாள். போன வருடம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு மூன்று மாதம் முன்பே டாக்டர் சாபினாவும் பிரசவ டாக்டரும் உட்கார்ந்து, எப்போது என்ன மருந்து, என்ன தயாராக இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். அதன் நகல் ஒன்று எங்கள் எல்லோரிடமும் இருந்தது, என்னிடமும்.

அன்று காலை வெத்தூரியா அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முழங்காலைப் பிசைந்துகொண்டே இருந்தார். தன்னுடைய பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போனது என்று அவருக்கு நினைவிருந்தது. கதவு திறந்து நர்ஸ் வந்தாள்.

"பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"ரத்தம்?" என்று கேட்டார்.

"சாதாரணமாத்தான் போச்சு."

"என்ன சொன்னீங்க?"

"சாதாரணம்மா. எல்லாருக்கும் போற அளவுதான்."

வெத்தூரியா அக்கா எழுந்தார். மடியிலிருந்த பையைத் திறந்து, வால்நட் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்த இனிப்பு ரொட்டியை எடுத்துப் பெரிய பெரிய துண்டுகளாகப் பிட்டார். அந்த வராந்தாவில் இருந்த ஒவ்வொருவரிடமும் போனார், முன்பின் தெரியாதவர்களிடமும், தரை துடைத்துக்கொண்டிருந்தவரிடமும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டை அழுத்தி வைத்துச் சொன்னார்:

"சாதாரணமாம்! கேட்டீங்களா? என் பொண்ணுக்குச் சாதாரணமாம்!"